ஐசியைக் குறை சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வெட்டுவதற்கு அடையாளமிட்ட மரங்களைச் சுற்றி நாங்கள் இருபது பேர் ஆளுக்கொரு ஒலிப்பெட்டியோடு நிற்கப்போகிறோம். எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் உறுப்பு) மேல் கை நிழல் விழுந்தால் சுருதி இறங்கும். உள்ளே அதிர்வை உண்டாக்கும் 40106 ஐசி (சில்லு), 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சத்தத்தைப் பெருக்கும் எல்எம்386 ஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. சால்டர் இல்லாமல் சோதிக்கும் பிரெட்போர்டில் ஹெட்போனோடு அருமையாகப் பாடியது. பெட்டியில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டியதும் ‘டப டப’ என்று இடிக்கிறது. சத்தம் போதாதென்று ஆம்பின் 1, 8 கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் போட்டேன், இன்னும் மோசம். ஐசியை மூன்று முறை மாற்றிவிட்டேன். பேசாமல் புரோகிராம் எழுதி இயக்கும் ஆர்டுயினோ போர்டுக்குப் போய்விடலாமா? இதையெல்லாம் கலை என்று சொல்லலாமா?

ச.

அன்புள்ள ச.,

கலையா என்ற கேள்வியை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். மரத்தடியில் நிழலைக் கொண்டு பாடும் பெட்டி என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் கோபமும் வருகிறது. மூன்று ஐசி மாற்றியிருக்கிறீர்கள். நீங்கள் அளந்த ஓர் எண்கூடக் கடிதத்தில் இல்லை. ஸ்பீக்கர் ஓடும்போது 40106க்கு மின்சாரம் வரும் 14ஆம் காலிலும் திரும்பும் 7ஆம் காலிலும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தீர்களா? வீட்டில் கருவி செய்கிற பலரும் இப்படித்தான். கோளாறு என்றால் ஐசி, இல்லையென்றால் புரோகிராம். கரண்ட் எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது என்று பார்ப்பதே இல்லை.

சின்ன 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளேயே ஓரிரண்டு ஓம் தடை உண்டு. தீரத் தீர அது ஏறும். ஸ்பீக்கர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வோல்ட்டேஜ் சரியும். 40106 எந்த அளவில் நிலை மாறுவது என்பதும் அதே வோல்ட்டேஜைப் பொறுத்தது. அது ஆடினால் சுருதி ஆடும், ஆம்ப் அதைப் பெருக்கும், பேட்டரி மறுபடி சரியும். இந்தச் சுழல்தான் உங்கள் ‘டப டப’. ஹெட்போன் குறைவாக இழுப்பதால் மேசையில் அது தெரியவில்லை.

ஆம்புக்கு மின்சாரம் வந்து திரும்பும் 6, 4 கால்களை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், துருவம் பார்த்து. 40106க்குப் போகும் பிளஸ் வயரில் 100 ஓம் தடை. அதைத் தாண்டி கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸ் பக்கம்) 100 மைக்ரோஃபாரட். 14, 7 கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். ஓர் அங்குலம் தள்ளிப் போட்டால்கூடப் பலன் குறையும். ஸ்பீக்கரின் மைனஸ் வயர் நேராகப் பேட்டரி மைனஸுக்குப் போக வேண்டும். ஐசியின் கிரவுண்ட் வழியாகப் போனால் அந்த வயரிலேயே வோல்ட்டேஜ் விழும். மேலே சொன்ன கெபாசிட்டர்கள் அதைச் சரிசெய்யாது. பேட்டரியையும் மாற்றுங்கள்: ஆறு ஏஏ ஆல்கலைன் செல் தொடராகப் போட்டாலும் அதே 9 வோல்ட்தான், தாங்கும் நேரம் பல மடங்கு.

அந்த 10 மைக்ரோஃபாரட்டைக் கழற்றி எறியுங்கள். அது இல்லாமலே ஆம்ப் 20 மடங்கு பெருக்கும்; நீங்கள் அதை 200 ஆக்கியிருக்கிறீர்கள். 40106 தருவதோ கிட்டத்தட்ட 9 வோல்ட், எல்எம்386இன் உள்ளீடு தாங்குவது 0.4 வோல்ட். நடுவில் 220 கிலோ ஓம் தடை, பிறகு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல். 40106இல் பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்கள் எல்லாவற்றையும் கிரவுண்டில் கட்டுங்கள். அந்தரத்தில் விட்டால் கை பக்கத்தில் வந்தாலே உளறும். அவசரத்துக்கு அதே வேலை செய்யும் 74எச்சி14 ஐசியை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கால் வரிசை ஒன்றுதான், ஆனால் 9 வோல்ட்டில் செத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அறை வெளிச்சத்தில் சில கிலோ ஓம் காட்டும் எல்டிஆர் நேர் வெயிலில் நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது அதிர்வு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும், பெட்டி ஊமையாக நிற்கும். எல்டிஆரை விரல் நீளக் கறுப்புக் குழாயில் புதைத்து, குழாயின் வாயில் வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். அளவு வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் அமையும்.

ஆர்டுயினோ? அதையும் இதே பேட்டரியில் இதே வயரிங்கில் போட்டால் ஸ்பீக்கர் இழுக்கும்போது ரீசெட் ஆகலாம்.

இருபதையும் ஒன்றாகச் சால்டர் செய்யாதீர்கள். ஒன்றை முடித்து, ஏற்கெனவே தேய்ந்த ஆறு செல்களைப் போட்டு முழுச் சத்தத்தில் ஓடவிடுங்கள். மொத்தம் ஆறரை வோல்ட்டுக்கு இறங்கியும் இடிக்காமல் பாடினால் மீதிப் பத்தொன்பதை ஆரம்பியுங்கள்.