வானொலி நேரலையில் அரை நிமிடத்துக்குள் நன்கொடை கேட்பது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: திருகோணமலை மாவட்டத்து மூதூரில் நீங்கள் ஆசிரியை. உங்கள் வில்லுப்பாட்டுக் குழுவைப் பொங்கல் காலை நேரலைக்கு அழைத்திருக்கிறார்கள், 9.40 முதல் 10 மணி வரை. பேசப்போவது அந்தக் கலையைப் பற்றி. அதற்குள் பிள்ளைகளின் புத்தகப் பைக்கு உதவி கேட்கலாமா, கேட்டால் முறைகேடாகுமா?

கேட்கலாம். ஆனால் அறிவிப்பாளருக்கே தெரியாமல் இடையில் நுழைக்கக் கூடாது. தயாரிப்பாளரிடம் மூன்று நாளுக்கு முன்னரே சொல்லுங்கள். நன்கொடை சேர்க்கும் சங்கத்தின் பதிவுக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தலைவர் ஒப்பமிட்ட வேண்டுகோள் கடிதம் மூன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பல நிலையங்கள் வங்கி இலக்கத்தை ஒலிபரப்ப விடமாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயம். அறிவிப்பாளரே "பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஏதோ செய்கிறீர்களாமே?" என்று கேட்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான் சிறந்த வழி. விருந்தாளி தானாகக் கேட்டால் கெஞ்சுவதுபோல் இருக்கும். கேட்டதற்குப் பதில் சொன்னால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

எந்த இடத்தில் சொல்வது என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "கடைசியில் சொல்லிக்கொள்வோம்" என்று விடுவார்கள். உங்கள் நிகழ்ச்சி பத்து மணியை ஒட்டி முடிகிறது. பத்துக்குச் செய்தி என்றால் அது யாருக்காகவும் நிற்காது. பாட்டு ஒன்று நீண்டால், விளம்பரம் ஒன்று கூடினால், வெட்டுப்படுவது உங்கள் அரை நிமிடம்தான். முதல் பாட்டு முடிந்த கையோடு, 9.48 அளவில் சொல்லுங்கள். முடிவில் நேரம் இருந்தால் போன் இலக்கத்தை மட்டும் இன்னொரு முறை.

இனிக் கணக்கு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல். பத்து இலக்கப் போன் நம்பரை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்து ஆறுதலாகச் சொல்ல ஏழு செக்கன். இரண்டு தடவை சொல்ல வேண்டும்: ஒரு தடவை "பூச்சியம் ஏழு ஏழு" என்று, மறு தடவை "சீரோ செவன் செவன்" என்று. நம் ஆட்கள் நம்பரை ஆங்கிலத்தில் கேட்டு எழுதித்தான் பழக்கம். ஆகப் பாதி நேரம் இலக்கத்துக்கே போய்விட்டது. மிஞ்சுவது 25 சொல். இப்படி அமைக்கலாம்:

"மூதூரில் அறுபது பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் கொப்பியும் தேவை. ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் ரூபாய். தர விரும்புகிறவர்கள் 'பை' என்று இந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப் அனுப்புங்கள். ஜனவரி முப்பத்தோராம் திகதி கடைசி நாள்."

எண்ணிக்கையும் விலையும் உதாரணம்தான். உங்கள் கடைக்காரரிடம் கேட்டு உண்மை விலையைப் போடுங்கள். "இயன்றதைத் தாருங்கள்" என்று விட்டால் கேட்கிறவருக்கு எவ்வளவு என்று பிடிபடாது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்றால் ஒருவர் இரண்டு பிள்ளையை ஏற்பார், நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏற்பார்கள்.

வங்கிக் கணக்கு இலக்கத்தை வானொலியில் வாசிக்க அனுமதி கிடைத்தாலும் வாசிக்காதீர்கள். வங்கிக்கு வங்கி பத்து, பன்னிரண்டு, பதினைந்து இலக்கம் வரும். சமையலறையில் நின்று கேட்கிறவர் அதைப் பிழையில்லாமல் எழுதமாட்டார். ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடலாம். திரும்ப எடுப்பது பெரும்பாடு. 'பை' என்று அனுப்பியவருக்குக் கணக்கு விபரத்தை எழுத்தில் அனுப்புங்கள். கணக்கு தலைவரும் பொருளாளரும் சேர்ந்து ஒப்பமிடும் சங்கக் கணக்காக இருக்கட்டும். எவ்வளவு நல்ல ஆளானாலும் தனியாள் கணக்கு வேண்டாம்.

தொலைக்காட்சி என்றால் கியூஆர் குறியீட்டைத் திரையின் மூலையில் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. குறியீட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரைதான் போன் அதை நன்றாகப் படிக்கும். 32 அங்குலத் திரையின் உயரம் 40 சென்ரிமீற்றர். அதில் கால்வாசி உயரத்துக்குப் போட்டால் குறியீடு 10 சென்ரிமீற்றர், ஒரு மீற்றருக்குள் வந்தால்தான் பிடிக்கும். வீட்டில் மூன்று மீற்றர் தள்ளி இருப்பார்கள். முழுத்திரையில் பத்துப் பதினைந்து செக்கன் காட்டச் சொல்லுங்கள், முடியாதென்றால் போன் நம்பரே போதும்.

போனுக்கு இரண்டு பேரை முன்கூட்டியே நிறுத்துங்கள். நீங்கள் கலையகத்தில் இருக்கும்போது உங்கள் போன் நிறுத்தியிருக்கும். முதல் அழைப்புகள் வருவதோ அந்த நேரத்தில்தான். எடுக்காவிட்டால் மறுபடி அழைக்கிறவர் குறைவு. கிண்ணியாவிலிருந்தோ உங்கள் மூதூரிலிருந்தோ ஒருவர் "ஸகாத் பணம் தரலாமா?" என்று கட்டாயம் கேட்பார். ஸகாத் என்பது முஸ்லிம்களின் கட்டாய தானம். ஸகாத்துக்கு உரியவர்கள் யார் என்று வரையறை உண்டு. பிள்ளைகளின் குடும்ப நிலையைச் சரிபார்க்காமல் "ஓம்" என்று சொல்லிவிடாதீர்கள். சதக்காவாக, அதாவது விரும்பித் தரும் தானமாக, தரலாம் என்று சொல்லுங்கள். "பாடநூலும் சீருடையும் அரசு இலவசமாகத் தருகிறதே?" என்றும் வரும். தருகிறது, நாம் கேட்பது பைக்கும் கொப்பிக்கும் என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

வெளிநாட்டு உறவுகள் நேரலையைக் கேட்பார்கள் என்று எண்ணாதீர்கள். நமக்குக் காலை 9.48 என்றால் லண்டனில் விடிகாலை 4.18, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.18. அவர்களுக்குப் போய்ச் சேர்வது பேஸ்புக்கில் சுற்றும் துண்டுதான். அது இரண்டு வருடம் கழித்தும் சுற்றும். அதனால்தான் கடைசித் திகதியை மாதத்தோடு சொல்லச் சொன்னேன். "இந்த மாத முடிவுக்குள்" என்றால் ஆயுளுக்கும் போன் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு பிள்ளையின் பெயரும் ஒலிபரப்பில் வரக் கூடாது. ஊர் சிறியது, அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பை கொடுக்கும்போது மேடை போட்டுப் படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் "படம் இல்லாமல் எப்படி நம்புவார்கள்?" என்று சண்டைக்கு வருவார்கள். கடைப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். நம்ப அது போதும். பத்து வயதுப் பிள்ளை பிரமுகரின் கையைப் பார்த்து நிற்கும் படம் எதையும் நிரூபிப்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருகோணமலையில் இருந்த, ஜேர்மனியின் டொய்ச்ச வெல வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. கடல் தாண்டிப் பேசும் வசதி இருந்த ஊர் இது. ஆனால் நம் குரல் கேட்க வேண்டுமானால் வெள்ளம் வர வேண்டும், இல்லையேல் கோணேசர் கோயில் திருவிழா வர வேண்டும். ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்திருப்பதே எனக்குச் சந்தோஷம். ஆகவே இருபது நிமிடத்தில் பத்தொன்பதரை நிமிடம் பாட்டுக்கே இருக்கட்டும்.

பெப்ரவரியில் அதே தயாரிப்பாளரிடம் இன்னொரு அரை நிமிடம் கேளுங்கள்: எத்தனை பேர் தந்தார்கள், எவ்வளவு வந்தது, எத்தனை பை வாங்கினீர்கள், மீதி எவ்வளவு. நான்கே எண்கள். அதற்கும் 25 சொல் போதும்.