பாகலில் புழு, தக்காளியில் வாடல்: மொரீஷியஸ் வீட்டுத் தோட்டக் கேள்விகள்

கேள்வி: பாகல் நன்றாகத்தான் காய்க்கிறது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி அழுகி விழுகிறது. அறுத்தால் வெள்ளைப் புழு. மூன்று முறை மருந்து அடித்துவிட்டேன். (திரியோலே)

பதில்: இது பழ ஈயின் வேலை, அம்மா. ஒரு பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் கசிந்திருக்கும். ஈ அங்கேதான் முட்டை வைத்தது. புழு காய்க்குள் இருக்கிறது, மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. பூ வாடிய அன்றே பிஞ்சுக்குக் காகிதப் பையோ பழைய மெல்லிய துணியோ போட்டுக் காம்போடு கட்டிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் ஈ முந்திக்கொள்ளும். விழுந்த காயை எருக்குழியில் போடவே போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வெயில் காலத்தில் முட்டையிலிருந்து மூன்று வாரத்துக்குள் புது ஈயாகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். கியூ-லூர் (வாசனையால் பழ ஈயை இழுக்கும் மருந்து) வைத்த பொறி மாட்டலாம், ஆனால் அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். பொறி இருக்கிறதே என்று பை கட்டாமல் இருந்துவிடாதீர்கள். பீர்க்குக்கும் இதே வழிதான்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்த பொம்தாமூர் (தக்காளி) செடி திடீரென்று தலை தொங்கிவிட்டது. இலை பச்சையாகவே இருக்கிறது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. (ரோஸ்ஹில்)

பதில்: தண்ணீரை நிறுத்துங்கள் தம்பி, முதலில் ஒரு சோதனை. தண்டின் அடியில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை மட்டும் நனைகிற மாதிரி பிடியுங்கள். அசைக்காதீர்கள். சில நிமிஷத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல்போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தே கிடையாது. ‘இதை அடித்தால் சரியாகும்’ என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் சில வருஷங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் வேண்டாம்; சோளம் போடுங்கள். தக்காளி வேண்டுமென்றால் புது மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள். கத்தியையும் மண்வெட்டியையும் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த செடியிடம் போங்கள். என் தோட்டத்தில் ஒரு கோடையில் வரிசையாகப் பதினோரு செடி போயின. கழுவாத கத்தியோடு ஒவ்வொன்றாகக் கிளை நறுக்கிப் போனவன் நான்தான். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கேள்வி: மழை பெய்த மறுநாள் பிரேத் மலபார் கீரைப் பாத்தி மொட்டையாகிவிடுகிறது. புழு எதுவும் கண்ணில் படவில்லை. (வாக்கோவா)

பதில்: இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள், கூர்ப்பா (நத்தை) ஊர்ந்துகொண்டிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் கீரையும் சேர்ந்து சாகும். நத்தை மூலம் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி வரக்கூடும். வெறுங்கையால் தொட வேண்டாம், கீரையை இலை இலையாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். மண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் கிடைத்தால் நசுக்கிவிடுங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். நத்தை மருந்து வில்லையை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. நாய் வளர்க்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. (குட்லாண்ட்ஸ்)

பதில்: குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டி நாற்றம் விட்டால் வண்ணத்துப்பூச்சிப் புழு. சின்னக் கன்று என்றால் கையால் எடுத்துவிடுங்கள். பெரிய மரத்தில் விட்டுவிடலாம், நான்கு இலை போனால் போகட்டும்.

கேள்வி: ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பாட்டி சொல்வார். விதைத்தேன், வெண்டை முளைக்கவே இல்லை. (க்யூர்பீப்)

பதில்: பாட்டி சொன்னது தமிழ்நாட்டு மழைக்கு. இங்கே ஆடி என்றால் நல்ல குளிர், அதிலும் க்யூர்பீப் மேட்டு நிலம். குளிர்ந்த ஈர மண்ணில் வெண்டை விதை அழுகிவிடும். இப்போதைக்கு முட்டைக்கோஸ், கேரட், பட்டாணி போடுங்கள். வெண்டையை அக்டோபரில், மண் சூடேறிய பிறகு, விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். கொடிக்குப் பந்தல் போடுவதானால் தாழ்வாகப் போடுங்கள்; நவம்பரிலிருந்து புயல் காலம்.