பந்தல் நிறைய இலை, ஒரு பூ இல்லை: ஜேட் கொடியும் மஞ்சளாகும் வைரேயாவும்

கேள்வி: எங்கள் தாவரவியல் பூங்காவில் அரிய கொடிகளுக்காகச் சிமென்ட் தூண்கள் நிறுத்திப் பந்தல் போட்டோம். அதில் நட்ட ஜேட் கொடிக்கு இப்போது நான்கு வயது. பந்தலையே மூடிவிட்டது, ஆனால் ஒரு பூகூட வரவில்லை. மாதம் ஒருமுறை உரம் வைக்கிறோம், ஆண்டுக்கு ஒருமுறை நன்றாகக் கவாத்து செய்கிறோம். தூண் ஓரத்தில் நட்ட வைரேயா ரோடோடென்ட்ரான் புதரில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. இரண்டிலும் எங்களிடம் இருப்பது ஒவ்வொரு செடிதான். என்ன செய்யலாம்?

பதில்: பூ வராததும் இலை மஞ்சளாவதும் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஒவ்வொரு செடிதான் இருக்கிறது என்று, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கொடி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது பூக்காமல் இருப்பதற்கு அந்த வருடாந்திரக் கவாத்துதான் முக்கியக் காரணம். ஜேட் கொடி புதுத் தளிரில் பூப்பதில்லை, முற்றிய தண்டில்தான் பூக்கும். பந்தலுக்கு மேலே வெயிலில் இலைகள் பரவிக் கிடக்கும். பந்தலுக்கு அடியில், நிழலில், இலையே இல்லாத பழுப்புத் தண்டுகள் கயிறு போலப் பின்னித் தொங்கும். பூச்சரங்கள் இறங்குவது அந்தத் தண்டுகளிலிருந்துதான். கவாத்து செய்ய வருகிறவர் கண்ணுக்கு அவை காய்ந்துபோன குப்பையாகத் தெரியும். அடிப்பக்கத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவற்றைத்தான் முதலில் வெட்டுவார். செடி மறுபடி புதுத் தண்டு விட்டு, அது முற்றத் தொடங்கும்போது அடுத்த கவாத்து வந்துவிடும்.

ஆகவே இரண்டு ஆண்டுகளுக்குப் பழைய தண்டைத் தொடாதீர்கள். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இல்லாமல் உண்மையிலேயே செத்துப்போன தண்டை மட்டும் எடுங்கள். பந்தலைத் தாண்டி ஓடும் நுனிகளை வெட்டாமல் திருப்பிவிட்டு, இடம் காலியாக உள்ள பக்கம் படரவிடுங்கள். பூக்க ஆரம்பித்த பிறகு, பூ முடிந்த கையோடு, நெருக்கமாக வளர்ந்த இளங்கொடிகளை மட்டும் கொஞ்சம் கலைத்துவிட்டால் போதும். பூச்சரங்கள் சாதாரணமாக 90 செ.மீ. வரையும், சில சமயம் அதைவிட வெகுநீளமாகவும் தொங்கும். அதனால் பந்தலுக்குக் கீழே ஆள் நடக்கும் உயரத்துக்கு மேலும் ஒரு மீட்டராவது இடம் இருக்கட்டும்.

அடித்தண்டையும் ஒருமுறை பாருங்கள். அது பெருவிரல் பருமனாவது ஆகாமல் இந்தக் கொடி பெரும்பாலும் பூக்காது. பந்தல் மூடியதை வைத்துச் செடி முதிர்ந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

உரத்தைக் குறையுங்கள். மாதாமாதம் போடுவதில் தழைச்சத்து மிகுந்திருந்தால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். வளரும் பருவத்தில் இலைமட்கைப் பரப்பி, அதோடு சாம்பல்சத்து சற்றுக் கூடுதலாக உள்ள உரத்தை அளவாகக் கொடுத்தால் போதும். வேர்ப்பகுதி நிழலும் ஈரமுமாக, தலைப்பகுதி வெயிலில் இருப்பதுதான் இதற்குப் பிடித்த நிலை. இலைதழை மூடாக்கு கட்டாயம் போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம், அடித்தண்டு அழுகிவிடும். வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் நாட்களில் பாதுகாப்பு தேவை. மொட்டு வந்த பிறகு வேர் காய்ந்துபோனால் மொட்டெல்லாம் உதிரும்.

இதன் பூ நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரேஞ்சியாவைப் போல மண்ணின் அமிலத்தன்மையை மாற்றி ஜேட் கொடியின் நிறத்தையும் மாற்றலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நீலப்பச்சை இதழின் மேல்தோல் செல்களுக்குள்ளேயே உண்டாவது. மால்வின் என்ற நிறமியும் சபோனாரின் என்ற துணைப்பொருளும் 1:9 என்ற விகிதத்தில் சேர்ந்திருக்க, அந்தச் செல்சாறு பிஎச் 7.9 அளவுக்குக் காரமாக இருப்பதால் வரும் நிறம் அது. (பிஎச் என்பது கார அமில அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.) மண்ணில் சுண்ணாம்பு போட்டு எதுவும் ஆகப்போவதில்லை.

சுண்ணாம்பு என்றதும் உங்கள் வைரேயாவுக்கு வருகிறேன். இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். (மக்னீசியக் குறை என்றால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலைகள்.) பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் மண் காரமாகிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. ரோடோடென்ட்ரான்களுக்கு பிஎச் 5 முதல் 5.5 வரையிலான அமிலமண்தான் ஏற்றது. புதுச் சிமென்ட் தூணிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சுண்ணாம்பு கரைந்து அடிமண்ணுக்கு இறங்கும். கட்டும்போது சிந்திய கலவை வேறு மண்ணுக்குள் புதைந்திருக்கலாம். தூணை ஒட்டியும், நான்கு மீட்டர் தள்ளியும் மண் எடுத்துக் கார அமிலநிலையைச் சோதியுங்கள். பாய்ச்சும் தண்ணீரையும் சோதியுங்கள். கடினநீர் என்றால் அதுவும் மண்ணைத் தினம் கொஞ்சம் காரமாக்கிக்கொண்டே இருக்கும், மழைநீருக்கு மாறிவிடுவது நல்லது.

இரும்புக் கீலேட்டு (செடி எடுத்துக்கொள்ளும்படி இரும்பைப் பிணைத்து வைத்த உரம்) வாங்கும்போது வகையைக் கவனியுங்கள். பரவலாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் வேலை செய்யாது, அதை இலையில் தெளிக்கத்தான் வைத்துக்கொள்ளலாம். வேரில் ஊற்றுவதற்கு இடிடிஎச்ஏ (EDDHA) வகை வேண்டும். கந்தகம் போட்டு மண்ணை அமிலமாக்கலாம்தான், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், தூணும் பக்கத்திலேயே நிற்கும். என் யோசனை, செடியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இதன் வேர் மெல்லியது, ஆழம் போகாது, பந்து போலத் திரண்டிருக்கும். அதனால் வேர்மண்ணோடு பெயர்த்து நடுவதை நன்றாகவே தாங்கும். வைரேயாக்களில் பல காட்டில் மரக்கிளைகளின் மேல் தொற்றி வளர்பவை, சாதாரணத் தோட்டமண் அவற்றுக்குக் கனம். பெரிய மரப்பட்டைத் துண்டுகள், உப்பு போகக் கழுவிய தென்னைநார்ச் சில்லுகள், பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைப்பாறைத் துகள்) சேர்த்து மேட்டுப்பாத்தி அமைத்து, வேர்ப்பந்தின் மேல்பக்கம் தரைமட்டத்துக்குச் சற்று உயர்ந்தே இருக்கும்படி நடுங்கள். ஆழமாக நட்டால் செத்துவிடும். சுற்றிலும் களைக்கொத்து போடவே கூடாது.

சரி, இப்போது அந்தக் கடைசி வரி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இதே போல ஒற்றை ஜேட் கொடி இருந்தது. அருமையாகப் பூத்த கொடி. ஒரு மழைக்காலத்தில் வடிகால் அடைத்து ஒரு வாரம் தண்ணீர் நின்றது. இலை வாடியபோது தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டோம், வேர் அழுகியிருப்பது தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் கொடியிலிருந்து வெட்டிய நல்ல தண்டுகளைக் கூடைகூடையாக மட்குக் குழியில் கொட்டியிருக்கிறோம். அதில் நான்கைத் துளிர்க்க வைத்திருந்தால் போதும். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பிராங்க்ளினியா என்ற வெள்ளைப்பூப் புதரை ஜான் பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் 1765இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஆல்டமஹா ஆற்றோரம் கண்டார்கள். 1803க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. இன்று உலகில் எங்கு அது பூத்தாலும், அந்தக் குடும்பம் விதை கொண்டுவந்து தோட்டத்தில் வளர்த்ததன் வழிவந்தது. பிலிப்பைன்ஸ் காடுகளில் ஜேட் கொடியும் காடழிப்பால் அருகிவருகிறது. உங்கள் பந்தலில் இருப்பதை நீங்கள் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அதனால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் ஜேட் கொடியில் விண்பதியம் போடுங்கள், அதாவது தண்டைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே அதில் வேர் விட வையுங்கள். பென்சில் பருமனுள்ள, சென்ற ஆண்டு வளர்ந்த நான்கைந்து தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, வழவழப்பு போகச் சுரண்டி, மேல்விளிம்பில் வேர் ஊக்கி தடவி, ஈரப்பாசியை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். வழவழப்பை விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. தாள் வழியே வேர் தெரிந்த உடனே வெட்ட வேண்டாம். அது கிளைவிட்டு நிரம்பட்டும். முதலில் பாதி வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டுங்கள். பிறகு சில வாரம் ஈரக்காற்றும் நிழலும் உள்ள இடத்தில் வையுங்கள். வைரேயாவுக்குப் பாதி முற்றிய நுனித்தண்டுகளை எடுத்து, அடியில் ஒரு பக்கம் பட்டையைச் சீவி, இலைகளைப் பாதியாக நறுக்கிப் பெர்லைட் கலவையில் ஊன்றலாம்.

இப்படி வந்த கன்றுகளில் ஒன்றைப் பூங்காவின் வேறு மூலையிலும், ஒன்றை வேறொரு தாவரவியல் பூங்காவிலும் வையுங்கள். பதிலுக்கு அவர்களிடம் உள்ள, வேறு மூலத்திலிருந்து வந்த செடியின் கன்றைக் கேளுங்கள். ஏனென்றால் பதியக்கன்று எத்தனை இருந்தாலும் மரபில் அது ஒரே செடிதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரொட்ரிகஸ் தீவில் ஒற்றைச் செடியாகக் கண்டெடுக்கப்பட்ட கஃபே மரோன் என்ற புதரின் துண்டுகள் 1986இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வேர்பிடித்தன, பூத்தன. விதை கிடைக்க 2003 வரை ஆனது. ஜேட் கொடிக்கும் அதன் சொந்தக் காட்டில் வௌவால்தான் மகரந்தம் சேர்க்கிறது. உங்களுக்குக் காய் வேண்டுமென்றால் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கும். கிடைக்கும் விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது, உடனே விதைத்துவிட வேண்டும்.

பதியம் கட்டும் அன்றே ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு கட்டி, தாய்ச்செடியின் பதிவு எண், அது எங்கிருந்து வந்தது, கட்டிய தேதி மூன்றையும் பொறித்துவிடுங்கள். மையால் எழுதிய அட்டை ஒரு மழைக்கே அழிந்துவிடும்.