கூடாரம் எந்த இடத்தில் நிற்கும் என்று கேளுங்கள்: நமீபியா, போட்ஸ்வானா கேம்பிங் சஃபாரி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் என் கணவரும் வருகிற ஆகஸ்டில் நமீபியா, போட்ஸ்வானா இரண்டையும் சேர்த்து 16 நாள் கேம்பிங் சஃபாரி போகலாம் என்றிருக்கிறோம். மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டாயிற்று. வழி ஏறக்குறைய ஒன்றுதான்: விண்ட்ஹூக்கில் தொடங்கி சோசஸ்ஃப்ளே, ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா, ஒகவாங்கோ, சோபே, கடைசியில் விக்டோரியா அருவி. ஆனால் அதிக விலை சொன்னவர் குறைந்த விலை சொன்னவரைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். எப்படியும் கூடாரத்தில்தானே படுக்கப் போகிறோம், மலிவானதையே எடுத்துவிடலாமா? (கோவை வாசகி)

பதில்: கூடாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது அம்மா. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்குத்தான் காசு. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சோசஸ்ஃப்ளேயையே எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் வாசல் செஸ்ரியத்தில் இருக்கிறது. அங்கிருந்து மணல்மேடுகளுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும், கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல், ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் போகும். வெளிவாசல் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். ஆனால் வாசலுக்கு உள்ளே இருக்கிற செஸ்ரியம் கேம்ப்பில் தங்கியவர்களுக்கு உள்வாசலை ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து விடுவார்கள். என் முதல் பயணத்தில் கம்பெனிக்காரர் கொடுத்த தாளில் "செஸ்ரியம் அல்லது அதற்கு இணையான கேம்ப்" என்று இருந்தது. போய் இறங்கியது வாசலுக்கு வெளியே அரை மணி நேர ஓட்டத்தில் இருந்த ஒரு தனியார் இடம். குளியலறை சுத்தமாக இருந்தது, நீச்சல் குளம்கூட உண்டு. மறுநாள் வாசலில் வரிசையில் நின்று, உள்ளே ஓட்டி, அப்புறம் மணலில் ஒரு கிலோமீட்டர் நடந்து டெட்ஃப்ளேக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வெள்ளைக் களிமண் தரை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்து, மக்குவதற்குக்கூட ஈரம் இல்லாமல் கறுத்து நிற்கிற வேலமரங்கள், பின்னால் சிவப்பு மணல்மலை. அந்த மலையில் ஒரு பாதி நிழலும் ஒரு பாதி வெளிச்சமுமாக இருக்கிற கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போவதே. உள்ளே தங்கியிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு காலில் மணலோடு எங்களுக்கு எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

எட்டோஷாவிலும் இதே கதைதான். வெளியே தங்கினால் சூரியன் மறைவதற்குள் பூங்காவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். உள்ளே ஒகாகுவேயோ கேம்ப்பில் தங்கினால், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் நடந்து தண்ணீர்க் குட்டைக்குப் போகலாம். விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள், ஒரு சின்ன மதில், இந்தப் பக்கம் பெஞ்சுகள், யாரும் பேசுவதில்லை. வறண்ட மாதங்களில் அங்கே கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கலாம், தலைகீழாகத் தண்ணீரில் அதன் உருவமும் தெரியும். இதற்குத் தனி டிக்கெட் கிடையாது. உள்ளே தங்கினாலே போதும்.

போட்ஸ்வானாவில்தான் விலை வித்தியாசம் அதிகம். மலிவான பயணங்கள் மவுன், கசானே ஊர்களின் ஓரத்தில் தங்கவைத்து, பூங்காவுக்கு அரை நாள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வரும். விலை கூடியவை மொரேமி, சவூட்டி என்று காட்டுக்குள்ளேயே கூடாரம் அடிக்கும். அங்கே எல்லாம் மணல் பாதை, பெரிய டிரக் போகாது, சின்ன வண்டி, ஆள் குறைவு, தண்ணீரும் சாப்பாடும் சுமந்துகொண்டு போக வேண்டும். அதனால் ஏறுகிற விலை நியாயமான விலை.

ஆகவே மூன்று பேரிடமும் ஒரே ஒரு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு ராத்திரியும் எந்த கேம்ப், அது பூங்கா வாசலுக்கு உள்ளேயா வெளியேயா? "அல்லது அதற்கு இணையான" என்று எழுதியிருந்தால் "பூங்காவுக்குள் இருக்கிற இணையான இடம்" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அப்புறம், நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, ஒகவாங்கோவில் கழியால் தள்ளிப் போகும் மொகோரோ படகும் சோபே ஆற்றுப் படகும் சேர்ந்தவையா அல்லது "விருப்பப்பட்டால்" பட்டியலில் இருக்கின்றனவா, போய்ச் சேர்ந்ததும் ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகை என்று ஏதாவது உண்டா என்பதையும் கேட்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் பாதியாகக் குறையலாம்.

கேள்வி: "பார்ட்டிசிபேஷன் சஃபாரி" என்கிறார்களே, அப்படியென்றால் நாமே சமைக்க வேண்டுமா? எனக்கு 61 வயது, முழங்கால் வலி உண்டு. (மதுரை வாசகர்)

பதில்: சமைக்க ஆள் இருப்பார், பெரும்பாலும் கைடோ உதவியாளரோ சமைப்பார். கூடாரத்தை நீங்கள் அடிக்க வேண்டும், பிரிக்க வேண்டும், காய் நறுக்க, பாத்திரம் கழுவ முறை வைத்துக் கை கொடுக்க வேண்டும். குடை மாதிரி விரியும் கூடாரம்தான், இரண்டாம் நாளிலேயே பழகிவிடும். ஆனால் பல நாள் தினமும் காலை ஐந்து மணிக்கு இருட்டில் குனிந்து மடித்துக் கட்டுவது முழங்கால் வலியோடு சரிப்படாது. அதைவிட முக்கியம், அந்தக் கூடாரத்துக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும், படுக்கை தரையில் விரித்த மெல்லிய மெத்தை.

உங்களுக்கு ஏற்றது முழுச் சேவை கேம்பிங். கூடாரத்தில் நிமிர்ந்து நிற்கலாம், கட்டில் உண்டு, அவர்களே முன்னால் போய் அடித்து வைத்திருப்பார்கள், பின்னால் சின்ன மறைப்பில் கழிப்பிடமும், வாளியில் வெந்நீர் ஊற்றி மேலே தூக்கிக் கட்டிய ஷவரும் இருக்கும். விலை அதிகம்தான். முடியாவிட்டால் பாதி நாள் கூடாரம், பாதி நாள் அறை என்று கலந்து தருகிற பயணங்களும் உண்டு. வண்டியின் படிக்கட்டு எத்தனை உயரம் என்றும் கேட்டுவிடுங்கள். டிரக்கில் ஏறுவது சில இடங்களில் ஏணி ஏறுவது மாதிரி இருக்கும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். நமீபியாவில் சரளைக்கல் சாலைதான் அதிகம். விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியம் சுமார் 350 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம் குலுங்கிக்கொண்டே போகும்.

கேள்வி: வேலி இல்லாத கேம்ப் என்று படித்தேன். ராத்திரி சிங்கம் வந்தால்? இரண்டு குழந்தைகளோடு போவது சரியா? (சென்னை வாசகி)

பதில்: மொரேமி, சவூட்டி கேம்ப்களுக்கு வேலி கிடையாது. மிருகங்கள் வரும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஜிப்பை முழுதாக மூடிய கூடாரத்தை அவை ஒரு புதர் மாதிரி, கல் மாதிரிதான் பார்க்கின்றன என்று கைடுகள் சொல்வார்கள், அனுபவத்தில் அது சரியாகவே இருந்தது. மொரேமியில் ஒரு ராத்திரி விழித்தபோது கிளை முறிகிற சத்தம், அப்புறம் மெத்தைக்குள் இறங்குகிற மாதிரி ஒரு கடமுடா. யானையின் வயிறு. என் தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு துணிதான். பத்து நிமிடம் நின்று தழை தின்றுவிட்டு, ஒரு கயிற்றைக்கூட மிதிக்காமல் கூடாரங்களுக்கு இடையே நடந்து போனது. காலையில் மணலில் சுளகு அகலத்துக்கு அதன் கால்தடம் இருந்தது.

விதிகள் கொஞ்சம்தான், ஆனால் அவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இருட்டியபின் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. அவசரம் என்றால் முதலில் உள்ளிருந்தே டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்து, கைடு சொன்ன முறைப்படிதான். கூடாரத்துக்குள் சாப்பாட்டுப் பொருள் கூடாது, முக்கியமாக ஆரஞ்சு, ஏனென்றால் அந்த வாசனை யானையை இழுக்கும். செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விடும்.

குழந்தைகளுக்கு வருகிறேன். பல குழுப் பயணங்கள் குறைந்தபட்ச வயது ஒன்று வைத்திருக்கின்றன, அதைக் கம்பெனியிடம் கேளுங்கள். அவர்கள் சேர்த்துக்கொண்டாலும், ராத்திரி தனியாக எழுந்து வெளியே போகிற பழக்கமுள்ள பிள்ளையை வேலியில்லாத கேம்ப்புக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. எட்டோஷாவில் கூடாரம் அடிக்கிற கேம்ப்கள் வேலி போட்டவை. நமீபியாவை மட்டும் இப்போது பாருங்கள், போட்ஸ்வானா அங்கேயே இருக்கும். வடக்கு நமீபியா, ஒகவாங்கோ, சோபே பக்கம் மலேரியா உண்டு. குழந்தைகளுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வேண்டியதில்லை, ஆனால் முன்பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். வழியில் கடைகள் தூரதூரம், கைடு விண்ட்ஹூக்கிலேயே பல நாளுக்குச் சாமான் வாங்கிவிடுவார். நெருப்பு மூட்டிக் கறி வாட்டுகிற பிராய்தான் அந்த ஊர் விருந்து. உங்கள் சோளத்தையும் அதே கம்பியில் வைப்பார்கள், அது ஆகாது என்றால் அலுமினியத் தாளில் சுற்றிக் கேளுங்கள். மூன்று கால் இரும்புச் சட்டியில் பூசணியும் உருளையும் பீன்ஸும் போட்டு மெதுவாக வேகவைப்பார்கள், அது அருமையாக இருக்கும். பாப் என்று வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது நம் களிக்குத் தம்பிதான், மேலே காரமான சக்கலக்கா ஊற்றிக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள், சீல் பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும், கேட்டால் காட்டிவிடுங்கள். கால்நடை நோய்க்காக போட்ஸ்வானாவுக்குள் சாலையில் வேலிச் சோதனைகள் உண்டு, பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைக்கவும் சொல்வார்கள்.

கேள்வி: இங்கே ஏஜென்ட்டிடம் வாங்குவதா, நேரே நமீபியாக் கம்பெனியிடமா? பணம், இன்ஷூரன்ஸ் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: நேரே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஆனால் தகராறு வந்தால் இங்கே வாங்கியதுதான் கை கொடுக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், முதலில் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். நேரே வாங்குவதானால் முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கம்பெனி கைவிட்டால் வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். ஏஜென்ட் பில்லில் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கும் வரி) என்று ஒரு தொகை பிடித்திருப்பார். அது போன பணமில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு கம்பெனி விலைகளை ஒப்பிடும்போது அதைத் தள்ளிவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு வரியைத் தேடுங்கள்: மருத்துவ அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவு. ஒகவாங்கோ நடுவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் சின்ன விமானத்தில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜோஹன்னஸ்பர்க் வரை போக வேண்டியிருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

விமான டிக்கெட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவாகக் கிடைக்கும், ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே நீண்ட நேரம் காத்திருந்தாலோ வெளியே வந்தாலோ போகிற இடத்திலும், திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் ஊசிச் சான்றிதழ் கேட்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே போய்விடுங்கள்.

கேள்வி: பாலைவனம்தானே, ஸ்வெட்டர் எதற்கு என்கிறான் மகன். கையில் எந்தப் பணம் வைத்துக்கொள்வது? (சேலம் வாசகி)

பதில்: மகனிடம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம் என்று சொல்லுங்கள். பகலில் அரைக்கைச் சட்டை போதும், ராத்திரி பாலைவனத்தில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், கலஹாரியில் அதற்கும் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக்கைப் பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாங்கும்போது மேலட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்க்காமல், "கம்ஃபர்ட்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அது பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்கட்டும். காதை மூடும் தொப்பி, நெற்றியில் கட்டும் டார்ச் இரண்டும் கட்டாயம். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், துணிப் பை எடுத்துப் போங்கள், வண்டியின் இடுக்கில் அதுதான் நுழையும்.

பணத்துக்கு, இங்கிருந்தே தென்னாப்பிரிக்க ராண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். நமீபியாவில் அது அப்படியே செல்லும், ஒரு ராண்டுக்கு ஒரு நமீபிய டாலர். போட்ஸ்வானாவில் புலா, அந்த ஊர் மொழியில் மழை என்று அர்த்தம், அங்கே மழைதான் செல்வம். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸைத் தனித்தனி உறையில், அவரவர் கையில் கொடுங்கள். சில்லறையாகத் திரும்பி வரும் நமீபிய டாலரை மட்டும் சேர்த்து வைக்காமல் எல்லைக்கு முன்னால் கடைசி பெட்ரோல் பங்க்கிலேயே செலவழித்துவிடுங்கள், நாட்டை விட்டு வெளியே வந்தால் அதை மாற்றுவது கஷ்டம்.