நரம்பும் உவமையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளை ஆய்வின் வரலாறு குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. நீரால் இயங்கும் பொம்மைகள் வியப்பளித்த காலத்தில் நரம்புகளைக் குழாய்கள் என்றார்கள். தந்தி வந்ததும் தந்திக்கம்பிகள் என்றார்கள். இப்போது கணினி என்கிறோம். அப்படியானால், 10,000 கோடி நரம்பணுக்கள் கொண்ட இந்த உறுப்பைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அந்தந்தக் காலத்துக் கருவியின் நிழல்தானா? சிந்திப்பது இதயம் என்ற அரிஸ்டாட்டிலைப் பார்த்து நாம் சிரிப்பதைப் போல நாளை நம்மைப் பார்த்தும் சிரிப்பார்களா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அரிஸ்டாட்டிலைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் துணிவில்லை. அடைகாக்கும் கோழிமுட்டைகளை உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் கவனித்தவர் அவர்; அதில் முதலில் துடிப்பது இதயம். அச்சத்தில் படபடப்பதும் அதுவே. மூளையோ தொட்டால் உணர்வில்லாதது, அவர் கண்ட அளவில் குருதியற்றது, குளிர்ந்தது. ஆகவே உடலின் வெம்மையைத் தணிக்கும் உறுப்பு என்று முடிவுசெய்தார். கண்டதிலிருந்து செய்த ஊகம் தவறிப்போயிற்று, அவ்வளவுதான். ஒருவன் நெஞ்சறியப் பொய் சொன்னான் என்று எழுதும்போது நாமும் அவர் கட்சியில்தான் நிற்கிறோம்.

அந்த ஊகத்தை அசைத்தது இன்னொரு உவமை அல்ல என்பதைக் கவனியுங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் ஹிரோஃபிலஸ், எராசிஸ்ட்ராட்டஸ் என்ற இருவரும் மனித உடல்களை அறுத்து, நரம்புகள் மூளையிலும் தண்டுவடத்திலும் சென்று சேர்வதைக் கண்டார்கள். உணர்வுக்குரியவை எவை, அசைவுக்குரியவை எவை என்று பிரிக்கவும் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்ற சொல் அதற்குமுன் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்துவந்தது. தமிழிலும் யாழில் கட்டுவது நரம்பு, முதியவர் கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் பேச்சுவழக்கில் நரம்பு. ஒரே சொல்லுக்குள் கலந்து கிடந்தவற்றை அவர்களுடைய கத்திதான் பிரித்தது.

நீங்கள் சொல்லும் குழாய் உவமை 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்த்தேவினுடையது. அரண்மனைத் தோட்டங்களில் நீரின் விசையால் அசைந்த பொம்மைகளைப் போல, மூளையிலிருந்து நுண்மையான ஆவி நரம்புகளின் வழியே பாய்ந்து தசையை அசைக்கிறது என்றும், மூளையின் நடுவிலுள்ள பினியல் என்ற சிறு சுரப்பி சாய்ந்து அதை வழிநடத்துகிறது என்றும் அவர் எழுதினார். 1665இல் பாரிஸில் உரையாற்றிய டென்மார்க் உடற்கூற்றறிஞர் ஸ்டீனோ அச்சுரப்பி அப்படி அசைய வழியில்லை என்று காட்டினார். ஆனால் இயந்திரம் என்ற உவமையை அவர் தூக்கியெறியவில்லை. மூளை ஓர் இயந்திரமானால், அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்பதைத் தவிர அதை அறிய வேறு வழி இல்லை என்றார். அந்த உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தந்தியின் கதை இன்னும் சுவையானது. நரம்பைத் தந்திக்கம்பியோடு ஒப்பிட்டவர்களில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஒருவர். நரம்புச் செய்தியின் வேகம் அளக்கவே முடியாதது என்று அவருடைய ஆசிரியர் யோகன்னஸ் மியூலர் கருதியிருந்தார். 1850இல் தவளையின் நரம்பில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அளந்தபோது நொடிக்குச் சுமார் 30 மீட்டர்தான் வந்தது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பியில் பாயும் மின்சாரம் இவ்வளவு மெதுவாகச் செல்லாது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1952இல், இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து, சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடப்பதால் எழும் அலையே அந்தச் செய்தி என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். தந்தி உவமை உதிர்ந்தது. தவளை நரம்பில் அளந்த வேகம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஐயத்துக்கு என் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் கண்ணால் கண்டதும் தன்னளவில் போதுமானதல்ல என்பதற்கு கோல்ஜி, கஹால் இருவரின் வழக்கு சான்று. 1873இல் இத்தாலியில் ஒரு மருத்துவமனையின் சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, பொட்டாசியம் டைகுரோமேட்டில் கெட்டிப்படுத்திய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் இட்டார் கமில்லோ கோல்ஜி. மிகச் சில அணுக்கள் மட்டும் கிளைகளோடு முழுமையாகக் கறுத்தன. எல்லாம் கறுத்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது என்பதால், இந்தக் குறைதான் அம்முறையின் பேறு. 1887இல் அப்படிச் சாயமேற்றிய நுண்ணோக்கித் தகடுகளை மாட்ரிடில் கண்ட ஸ்பெயின் ஆய்வாளர் சாந்தியாகோ ரமோன் இ கஹால், இருமுறை சாயமேற்றியும், நரம்புகளின் மேல் கொழுப்புறை படியாத இளங்கருக்களைத் தேர்ந்தெடுத்தும் அம்முறையைச் செம்மையாக்கினார். ஒரே சாயத்தில் கோல்ஜி கண்டது எங்கும் இடைவெளியற்ற ஒரு வலை. கஹால் கண்டவை ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கியும் தனித்தே நின்ற அணுக்கள். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தார்கள். கோல்ஜி தம் ஏற்புரையையே கஹாலின் கொள்கையை மறுப்பதற்குப் பயன்படுத்தினார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி, இரு நரம்பணுக்களுக்கு இடையே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டியபோது இருவரும் உயிரோடு இல்லை. கஹால் வென்றார்தான், எனினும் சில இடங்களில் அணுக்கள் நுண்துளைகளால் நேரடியாக இணைந்து மின்னோட்டத்தைக் கடத்துவதும் அதே பத்தாண்டின் இறுதியில் தெரியவந்தது. கோல்ஜி இதையறிந்தால் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

கணினி உவமைக்கும் இதே கதி வரலாம். ஓர் உருளைப்புழுவின் 302 நரம்பணுக்களுடைய இணைப்புகளும் 1986இல் வரைபடமாக்கப்பட்டுவிட்டன. ஆனாலும், அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுமையாகச் சொல்ல இயலவில்லை. அதே இணைப்புகள் சூழ்ந்திருக்கும் வேதிப்பொருள்களுக்கு ஏற்ப வேறு வேறு விதமாக இயங்குகின்றன. மின்சுற்று என்று நினைத்துப் பார்ப்பவர் இதைத் தவறவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணையும் திருத்த வேண்டும். 10,000 கோடி என்பது பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களிலும் புழங்கிய எண். முறையாக எண்ணிப் பெற்றதன்று. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹவ்செல்லும் அவருடைய குழுவினரும் மூளைத் திசுவைச் சீரான கரைசலாகக் கரைத்து, அதில் மிதக்கும் உயிரணு உட்கருக்களை எண்ணும் வழியைக் கண்டார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட எண் ஏறத்தாழ 8,600 கோடி.

அன்புடன்,
ஆசிரியர்