மீட்டருக்கு ஒன்றுதான், மின்மாற்றிக்கு அல்ல

கேள்வி: வீட்டிலுள்ள விளக்குகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டோம். ஆனாலும் கீசர், வாஷிங் மெஷின் போன்றவற்றை மாலையில் போட வேண்டாம் என்கிறார்கள். எந்த நேரத்தில் போட்டாலும் செலவாகும் யூனிட் ஒன்றுதானே?

பதில்: உங்கள் மீட்டருக்கு ஒன்றுதான். மின்சாரத்தைச் சேமித்துத் தரும் மின்கலங்களும், மேலே ஏற்றிவைத்த நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையங்களும் ஓரளவு கைகொடுத்தாலும், ஒரு நொடியில் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த நொடியிலேயே உற்பத்தியாகியாக வேண்டும். தேவை மிஞ்சினால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து, 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) நிற்க வேண்டிய அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணிக்கை) இறங்கும். அது வரம்புக்குக் கீழே போனால், மொத்தமும் சரிந்துவிடாமலிருக்கத் தானியங்கிக் கருவிகள் சில பகுதிகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சூரிய மின்சாரம் ஓய்கிற வேளையிலேயே அனைவரும் வீடு திரும்புவதால்தான் மாலை நேரம் இவ்வளவு நெருக்கடியாகிறது.

கீசரையே எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸ் கூட்ட, ஏறத்தாழ அரை யூனிட் போதும். 2 கிலோவாட் கீசர் கால் மணி நேரத்தில் அதை முடித்துவிடும். கணக்கில் அற்பம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் அது இழுப்பது, 9 வாட் பல்புகள் 200-க்கு மேல் ஒரேசமயத்தில் எரிவதற்குச் சமம். ஒரே மின்மாற்றியை நம்பியிருக்கும் 100 வீடுகளில் இது ஒருசேர நடந்தால், அதன்மீது 200 கிலோவாட் சுமை ஏறும். அளவுக்கு மீறிச் சூடாகும் மின்மாற்றியின் உள்காப்பு விரைவில் நைந்துபோகும். நல்ல காப்புள்ள கீசர் தொட்டியில் வெந்நீர் சில மணி நேரம் சூடு ஆறாது என்பதால், பிற்பகலிலேயே போட்டு அணைத்துவிடலாம். துவைப்பதையும் அப்படியே பிற்பகலுக்கு மாற்றிவிடலாம். ஃபிரிட்ஜை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அதை அணைத்து அணைத்துப் போடுவது வீண்வேலை.

கேள்வி: மின்தடை நீங்கியதும் ஏசியை உடனே போடக்கூடாது என்பது, கருவியின் பாதுகாப்புக்காக மட்டும்தானா?

பதில்: இல்லை. வழக்கமாக ஒரு வீட்டின் கம்ப்ரசர் ஓடும்போது இன்னொரு வீட்டினுடையது ஓய்ந்திருக்கும். நெடுநேரத் தடைக்குப் பிறகோ எல்லா அறைகளும் சூடேறியிருப்பதால், அனைத்தும் ஒருசேர ஓடத் தொடங்கும். அதிலும் இன்வெர்ட்டர் வகை அல்லாத கம்ப்ரசர், கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வந்த மின்சாரம் சில நிமிடங்களிலேயே மீண்டும் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே மின்சாரம் நின்றதுமே ஏசி, கீசர் ஆகியவற்றின் ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு, அது திரும்பி வந்து பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். மின்சாரம் வந்ததை அறிய ஒரே ஒரு விளக்கின் ஸ்விட்சை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்தால் போதும்.