பிரிக்பீல்ட்ஸா, ரவாங்கா: தையல்கடையை எங்கே போடுவது?

கேள்வி: கோலாலம்பூருக்கு வடக்கே, ரவாங்கில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கடை எடுக்கலாமென்று கோலாலம்பூரின் 'லிட்டில் இந்தியா'வான பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பார்த்தேன். வாடகை எங்கள் தாமானைவிட (குடியிருப்புப் பகுதியைவிட) மூன்று மடங்கு. போதாக்குறைக்கு அந்த வரிசையிலேயே நாலைந்து தையல்கடைகள். இங்கேயே இருந்துவிடலாமா?

பதில்: நாலைந்து கடை இருப்பதை நான் நல்ல சகுனம் என்பேன், அம்மா. கல்யாணப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். சேலை ஒரு கடையில். அதற்கேற்ற லைனிங் துணி இன்னொன்றில். ஆரி வேலைக்கு ஒரு மாடிப்படி ஏற வேண்டும். ஃபால்ஸ் அடிக்க வேறோர் இடம். எல்லாம் ஒரே தெருவில் முடிவதால்தான் தொலைவிலுள்ள செரம்பானிலிருந்துகூட ரயிலேறி வருகிறாள். உங்களுக்கும் லாபம் உண்டு. ஒரு தொழில் ஓரிடத்தில் திரண்டால் கைதேர்ந்த ஆளும், துணைப்பொருள் விற்பவரும், தொழில் நுணுக்கமும் அங்கே வந்து சேரும் என்று பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதிவிட்டார். அவசரத்துக்கு ஒரு கொக்கி வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் கிடைக்கும்.

ஆனால் கீழ்த்தளம் எடுக்காதீர்கள். செங்கல் சூளையால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தை, 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் நாடெங்குமுள்ள ரயில் பயணிகளுக்குப் பக்கமாக்கிவிட்டது. அதனால் கீழ்த்தள வாடகையில் பெரும்பங்கு, அஞ்சடியில் (கடை முன்னுள்ள நடைபாதையில்) நடந்துபோகிறவர் கண்ணில் படுவதற்கான விலை. பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் அது கட்டுபடியாகும். போகிற போக்கில் யார் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறார்கள்? சேலைப் பையோடு உங்களைத் தேடி வருகிறவர் ஒரு மாடி ஏறுவார். (முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் நீங்கள் இறங்கி வந்து அளவெடுக்க வேண்டியிருக்கும்!)

அதைவிடச் சிக்கனமான வழி: துணிக்கடை ஒன்றில் ஒரு மூலையை, வாரக் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும், பேசிப் பாருங்கள். அளவும் ஆர்டரும் அங்கே, தையல் ரவாங்கில். முப்பது பிளவுஸ் ஒரு பையில் அடங்கிவிடும், கமியூட்டர் என்னும் புறநகர் ரயிலும் நேராக கேஎல் சென்ட்ரலுக்கே போகிறது. மூட்டை சுமக்க வேண்டிய சிமெண்டு வியாபாரிக்கு இந்த வசதி கிடையாது.

பள்ளிச் சீருடை, காற்சட்டை மடிப்பு போன்றவற்றுக்கு யாரும் ரயிலேற மாட்டார்கள். அந்த வேலை தாமானிலேயே நடக்கட்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு செவ்வாய், ஒரு சனி, இரண்டு மதியமும் அங்கே போய் நில்லுங்கள். சேலைப் பையோடு எத்தனை பேர் மாடி ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். தீபாவளி மாதக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.